ரஸ்ட்டி செவன் கேசட் இருக்குங்களா?

ரிஃபானா அந்தப் பொய்யைச் சொன்னது 1996 ஜூன் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். அதற்கு முன்பு அவள் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவையெல்லாம் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோன சின்னப் பொய்கள். இது ஊரெல்லாம் சுற்றியது.

கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவளுடைய அண்ணன் உவைஸ் கேசட் கடை வைத்திருந்தான். வீடு பக்கத்திலேயே, கோட்டைமேட்டில். ஆட்கள் தங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். அவன் அவற்றை வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பான். படிப்பை முடித்து, நாலு இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த ரிஃபானா, மதியங்களில் கடையைப் பார்த்துக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் அவளுடைய கீபோர்டு இருந்தது. கல்யாணக் கச்சேரிக் குழு ஒன்று கலைந்தபோது உவைஸ் வாங்கி வந்தது.

ஆள் இல்லாத நேரத்தில் அவள் சொந்தமாக மெட்டுப் போட்டுப் பதிந்து வைப்பாள். அவற்றைக் கடையில் ஓடவிட்டால் வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். தலையை ஆட்டுவார்கள். பிறகு தவறாமல் ஒரு கேள்வி வரும்.

"என்ன படமுங்க இது?"

"படம் இல்லீங்க. நானாப் போட்டது."

"ஓ" என்பார்கள். அந்த "ஓ"வோடு தலையாட்டல் நின்றுவிடும். ஒருவர் மட்டும், "பரவால்லீங்க அம்மணி, பழகப் பழக வந்துரும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு ரிஃபானா அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவன் பெயர் கவின். இருபத்துமூன்று வயது. அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். அவன் மட்டும் கோயமுத்தூரில் அறை எடுத்துத் தங்கி, பம்புசெட் கம்பெனி ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டுப் பட்டியலை நீட்டியவன், கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த இசையைக் கேட்டு அப்படியே நின்றான். தகரத்தைத் தட்டுவது போன்ற ஒரு தாளத்தின் மேல், யாரோ மூக்கால் அழுவது போல ஒரு மெட்டு.

"என்ன படமுங்க இது?"

ரிஃபானாவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. இன்னொரு "ஓ"வைத் தாங்கும் தெம்பு அவளிடம் இல்லை.

"படம் இல்லீங்க. வீடியோ கேம்."

கவின் கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தான். "எந்தூரு கேமுங்க?"

"ஜப்பான்."

"பேரு?"

மேசைமேல் உவைஸின் ஸ்குரூ டிரைவர் துருப்பிடித்துக் கிடந்தது. "ரஸ்ட்டி செவன்" என்றாள். "ஏழு ரோபோங்க. ஏழுக்கும் மனசு சரியில்ல."

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டாள். கவின் சிரிக்கவில்லை. "ரோபோவுக்கு எப்படீங்க மனசு சரியில்லாமப் போகும்?" என்று கவலையோடு கேட்டான்.

"அதைக் கண்டுபுடிக்கறதுதான் கேமே. சண்டை கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் என்ன கவலைன்னு கண்டுபுடிச்சுத் தீத்து வெக்கணும். தீத்தா அடுத்த லெவல்."

"அப்ப ஏழு லெவலுக்கும் ஏழு மியூசிக் இருக்குமேங்க?"

"இருக்கு" என்றாள், ஒன்றே ஒன்றை மட்டும் வைத்திருந்த ரிஃபானா. "மீதி ஒவ்வொண்ணா வருது."

கவின் சினிமாப் பாட்டுப் பட்டியலை மறந்துவிட்டு அந்த ஒரு மெட்டை மட்டும் பதிந்து வாங்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் மூன்று பேரோடு வந்தான். அந்த மூவரும் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள்.

உவைஸ் முதலில் தலையில் கை வைத்தான். "ஏம்மா, சொந்த மெட்டுன்னு சொன்னா ஒருத்தனும் வாங்கல. இல்லாத கேமுன்னா வரிசையில நிக்கறானுங்களா?" என்றவன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கேசட் அட்டையில் படம் வரைய உட்கார்ந்தான். தகர டப்பாவுக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி ஏழு உருவங்கள். அடியில் ஜப்பான் எழுத்து மாதிரி இருக்கட்டும் என்று சில கோடுகளைக் கிறுக்கினான். பார்த்த எல்லோரும் அதை ஜப்பான் எழுத்து என்றே ஒத்துக்கொண்டார்கள்.

ரிஃபானாவுக்கு இப்போது நிஜமாகவே ஏழு ரோபோக்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவலை. ஒவ்வொரு கவலைக்கும் ஒரு சத்தம். கீபோர்டு மட்டும் போதாது என்று பட்டது. உவைஸிடம் டேப் ரெக்கார்டரைத் தூக்கச் சொல்லி, இருவரும் பஸ் ஏறிச் சூலூருக்குப் போனார்கள். அங்கே அவர்களுடைய அப்பாவுக்குத் தெரிந்த பழனாத்தாள் என்பவள் தறிக்குடோன் நடத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு விசைத்தறிகள் ஒரே சமயத்தில் ஓடும் இடம். பழனாத்தாள் கத்தித்தான் பேசினாள். வெளியே வந்த பிறகும் கத்தித்தான் பேசினாள்.

"எதுக்குங்க அம்மணி இந்தச் சத்தம்?"

"ஒரு ரோபோவுக்குங்க."

"அது ஆருங்க?"

"மிசின் மனுசனுங்க. அவனுக்கு ஒரே கவலை."

"என்ற குடோன்ல பன்னெண்டு மிசின் ஓடுது. ஒண்ணுக்கும் கவலை இருக்கற மாதிரி தெரியலீங்க. நூலு அந்துபோற கவலையெல்லாம் எனக்குத்தான். தறிய நிறுத்தினாலும் காதுக்குள்ள நிக்காதுங்க. முறுக்குத் திங்கறப்பக்கூட அதே வேகத்துக்குத்தான் மெல்லறேன், பாத்துக்கங்க."

ரிஃபானா ரெக்கார்டரை அவள் பக்கம் திருப்பினாள். "அதைப் பதிஞ்சுக்கட்டுங்களா?"

"எதை, முறுக்குத் திங்கறதையா?"

உவைஸ் வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். பழனாத்தாள் இரண்டு நிமிடம் சிரித்தாள். பிறகு உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கடமை தவறாமல் ஆறு முறுக்குத் தின்றாள். ரஸ்ட்டி செவனின் முதல் ரோபோவுக்கு அந்தச் சத்தம் போய்ச் சேர்ந்தது. மில் மூடிய பிறகும் காதுக்குள் மில் ஓடிக்கொண்டிருக்கும் ரோபோ அது.

மற்றவையும் ஒவ்வொன்றாகப் பிறந்தன. ஓட்டல் கிரைண்டரில் மாவாட்டும் ரோபோவுக்கு, காலையில் மாவு பொங்குமா பொங்காதா என்று ஓயாத பயம். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் அறிவிப்புச் செய்யும் ரோபோவுக்கு, தான் சொல்வதை யாருமே கேட்பதில்லை என்று வருத்தம். இன்னொன்று மழையைப் பார்க்க ஆசைப்படும், நனைந்தால் துருப்பிடிக்கும். ஆகஸ்டு பிறப்பதற்குள் ஆறு மெட்டுகள் தயாராகிவிட்டன. ஏழாவதுதான் வரவில்லை. அந்த ரோபோவுக்கு என்ன கவலை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கவின் கடைக்கு வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்:

"நான் ரஸ்ட்டி செவன் விளையாண்டுட்டனுங்க."

ரிஃபானா கையிலிருந்த கேசட்டை நழுவ விட்டாள். "எங்க?"

"பெங்களூர்ல. என்ற மாமன் பையன் ஊட்ல. கடைசி லெவல் வரைக்கும் போயிட்டேன்."

நடந்தது இதுதான். காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் நரசிம்மலு என்பவர் வீடியோ கேம் பார்லர் வைத்திருந்தார். ஆறு டிவி, ஆறு பெஞ்சு. கவின் தினமும் சாயங்காலம் அங்கே போவான். சூலூர் ரூட்டில் கண்டக்டராக இருந்த சுப்பையன், டியூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு அங்கே வந்து உட்காருவார். முந்தின நாள் அவர் எல்லோர் முன்னாலும் கவினைப் பார்த்து, "கேசட்டு கேசட்டுன்னு பேசறியே கண்ணு, கேம விளையாண்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டார். அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்லக் கவினுக்கு நாக்கு வரவில்லை.

இதெல்லாம் ரிஃபானாவுக்கு அப்போது தெரியாது. தன்னுடைய பொய்யைத் தன்னிடமே ஒருவன் வந்து விளையாடி முடித்துவிட்டேன் என்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. அவனை அங்கேயே பிடித்து நிறுத்தியிருக்கலாம். அதைவிட நல்ல யோசனை ஒன்று அவளுக்கு வந்தது.

"அப்படீங்களா? எனக்கு மியூசிக்தான் வந்திருக்கு, கேமப் பாத்ததே இல்ல" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க. நாலாவது ரோபோ எப்படி இருந்துச்சு? அந்த மழை?"

கவினின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. "நெம்பக் கஷ்டமுங்க அது. குடை புடிச்சாப் போதும்னு நெனப்போம். குடைய அதே புடுங்கி எறிஞ்சுரும்."

"அப்புறம்?"

"எண்ணெய் தடவி உடோணும். உடம்பெல்லாம். அப்பறம் அதுவே ஓடிப் போய் நனையும். பாக்க நல்லா இருக்குமுங்க."

ரிஃபானா வாயைத் திறந்தபடி கேட்டாள். எண்ணெய் தடவுவது அவளுக்குத் தோன்றவே இல்லை. "ஏழாவது?" என்றாள், குரலில் அவசரம் தெரியாமல் பார்த்துக்கொண்டு.

கவின் கூரையைப் பார்த்தான். மின்விசிறியைப் பார்த்தான். "ஏழாவதுக்குப் பேச்சே கிடையாதுங்க" என்றான் மெதுவாக. "நாம எந்தப் பட்டன அமுக்குனாலும் அதையே திருப்பிச் செய்யும். குதிச்சாக் குதிக்கும். உக்காந்தா உக்காரும். சொந்தமா எதுவும் செய்யத் தெரியாது. அதுதான் அதுக்குக் கவலை."

"எப்படித் தீத்தீங்க?"

"அதை... அடுத்த தடவை சொல்றனுங்க" என்று கவின் எழுந்து ஓடாத குறையாகப் போனான்.

அன்று சாயங்காலமே ஏழாவது மெட்டு வந்துவிட்டது. வலது கை ஒன்றை வாசிக்கும். இடது கை ஒரு மூச்சு விட்டு அதையே திருப்பி வாசிக்கும். அவ்வளவுதான். இதுவரை போட்டதிலேயே நல்ல மெட்டு என்று அவளுக்கே தெரிந்தது.

சிக்கல் பத்து நாள் கழித்து வந்தது. வெள்ளைச் சட்டையும் வியர்த்த நெற்றியுமாக ஒருவர் கடைக்குள் நுழைந்தார். அவர் கையோடு கவினையும் இழுத்து வந்திருந்தார்.

"நான் நரசிம்மலுங்க. கிராஸ்கட் ரோட்ல பார்லர். தெனமும் இருவது பேரு வந்து ரஸ்ட்டி செவன் கேசட் இருக்குங்களான்னு கேக்கறாங்க. நானும் உங்க பாட்டுக் கேசட்டை விளையாட்டுக் கேசட்டுன்னு நெனச்சு வாங்கிட்டுப் போய் மிசின்ல செருகப் பாத்தேன், போகலீங்க. மெட்ராஸ் வரைக்கும் போன் போட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. ஆளுகளுக்குப் பதில் சொல்ல முடியாம, வர ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு ரஸ்ட்டி செவன்னு போர்டு எழுதி வெச்சுப்போட்டேன். எங்க வாங்கறதுன்னு நீங்கதாஞ் சொல்லோணும்."

உவைஸ் ஏதோ கீழே விழுந்த மாதிரி மேசைக்கடியில் குனிந்தான். வெகுநேரம் வெளியே வரவில்லை.

ரிஃபானா கவினைக் காட்டினாள். "எனக்கு என்னங்க தெரியும். கேம விளையாண்டவரு இவருதானே. மாமன் பையன்கிட்ட இருக்குதாம், வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

"அட ஆமா!" என்று நரசிம்மலு கவினின் தோளைப் பிடித்தார். "இன்னைக்கே பஸ் ஏறு கண்ணு."

கவின் ரிஃபானாவைப் பார்த்தான். நரசிம்மலுவைப் பார்த்தான். "நான் விளையாடலீங்க" என்றான் ஈனக்குரலில். "மாமன் பையன் ஊட்ல டிவியே கிடையாதுங்க."

நரசிம்மலு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி ஒளிப்பதில் பயனில்லை என்று ரிஃபானாவுக்குப் பட்டது.

"கேமே கிடையாதுங்க" என்றாள். "மியூசிக் நான் போட்டது. இந்தக் கீபோர்டுல."

அதிகமாக அதிர்ந்துபோனவன் கவின்தான். "கேமே இல்லீங்களா?" என்றான். முகம் சிறுத்துவிட்டது. "அப்ப அந்த ஏழாவது ரோபோ? அது இல்லவே இல்லீங்களா?"

"அதை நீங்கதானேங்க சொன்னீங்க!"

"சொன்னேன். இருந்தாலும் ஜப்பான்ல இருக்குதுன்னு நெனச்சேன்." அவன் குரல் உடைந்திருந்தது. சொந்தப் பொய்யைவிட அடுத்தவர் பொய் அவனை அதிகம் காயப்படுத்தியிருந்தது.

"உங்க ரெண்டு பேரு துக்கத்தையும் அப்பறம் வெச்சுக்குங்க" என்று நரசிம்மலு எழுந்தார். "ஞாயித்துக்கெழம நான் என்ன பண்ணட்டும்? ஊரு பூரா சொல்லிப்போட்டேன். கண்டக்டரு டியூட்டி மாத்தி வெச்சிருக்காரு."

ரிஃபானா கீபோர்டைப் பார்த்தாள். கவினைப் பார்த்தாள். அவளுக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தும்மல் மறுபடி கிளம்பியது.

"உங்க பார்லர்ல ஒரு திரைச்சீலை கட்ட முடியுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பார்லரில் நாற்பது பேர் இருந்தார்கள். நடுவில் பெரிய டிவி. அதன் மேல் கறுப்புத் துணி. பக்கத்தில் கவின், நன்றாகத் தேய்த்த சட்டையோடு. பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. அதற்குப் பின்னால் ரிஃபானாவும் கீபோர்டும், டேப் டெக்கை இயக்க உவைஸும்.

"இந்த கேம்ல படம் கிடையாதுங்க" என்று கவின் அறிவித்தான். "ஜப்பான்ல இப்ப அதுதான் பேசன். நான் சொல்லுவேன். நீங்க என்ன செய்யோணும்னு கத்தோணும். அதும்படி கேம் நடக்கும்."

ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "ஏமாத்து வேலைடா" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். அதற்குள் உவைஸ் டெக்கைத் தட்டிவிட, பன்னிரண்டு தறிகளும் ஒரு முறுக்கும் சேர்ந்து பார்லரை நிரப்பின.

"மில்லு மூடியாச்சு" என்றான் கவின். "ரோபோ வாசல்ல நிக்குது. ஆனா கை மட்டும் இன்னும் நூல் முடிஞ்சுட்டே இருக்குது. என்ன பண்ணலாம்?"

"சுவிட்ச அணை!" என்றது ஒரு குரல்.

திரைக்குப் பின்னாலிருந்து கோபமான உறுமல் வந்தது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது.

முன்பெஞ்சில் காக்கிச் சட்டையோடு இருந்த சுப்பையன் எழுந்து நின்றார். "அட, அதுக்கு ஒரு நாளு லீவு குடுங்கப்பா! பாவம், மாத்தி உட ஆளே இல்லாம டியூட்டி பாக்குது!"

ரிஃபானா தறிச் சத்தத்தை மெல்லத் தேயவிட்டு, அதன் மேல் நீளமாக ஒரு கொட்டாவி போன்ற சுரத்தை வாசித்தாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். அதன் பிறகு யாரும் படத்தைக் கேட்கவில்லை. மாவு பொங்க வேண்டும் என்று கத்தினார்கள். பஸ் ஸ்டாண்டு ரோபோவின் அறிவிப்பை வரிசையாக நின்று காது கொடுத்துக் கேட்டார்கள். எண்ணெய் தடவும் இடத்தில் சுப்பையன் சட்டைக் கையை மடித்தே விட்டார்.

ஏழாவது ரோபோ வந்தது. யாரோ கைதட்டினார்கள். திரைக்குப் பின்னால் அதே தாளம் திரும்பி வந்தது. விசில் அடித்தார்கள், விசில் வந்தது. ஐந்து நிமிடம் இப்படியே கூத்தாக இருந்தது. பிறகு கூட்டம் களைத்தது.

"இது எப்படீங்க முடியும்?" என்றார் சுப்பையன்.

அது கவினுக்கும் தெரியாது. கடையில் எத்தனை முறை பேசியும் அந்த இடத்துக்கு அவர்கள் முடிவு வைக்கவில்லை. அவன் திரைப்பக்கம் பார்த்தான். அங்கிருந்து எந்த உதவியும் வரவில்லை. "ஒரு நிமிசம் ஆரும் சத்தம் போடாம இருக்கோணும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். "நாம ஒண்ணுமே குடுக்கலீன்னா அது சொந்தமா எதாச்சும் செஞ்சுதானே ஆகோணும்?"

நாற்பது பேரும் மூச்சைப் பிடித்தார்கள். இருபது நொடியில் ஒருவர் தும்மினார். கீபோர்டும் தும்மியது. கூட்டம் அவரை அடிக்கப் போனது. இரண்டாவது முறை நாற்பது நொடி ஓடிவிட்டது. நரசிம்மலுவின் மேசையில் டெலிபோன் அலறியது, கீபோர்டும் அலறியது. "ஒயரப் புடுங்குங்க!" என்று சுப்பையன் கத்த, நரசிம்மலு தன் சொந்த டெலிபோனின் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

மூன்றாவது முறை. வெளியே கிராஸ்கட் ரோட்டின் ஹாரன்கள் கேட்டன. உள்ளே ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை. திரைக்குப் பின்னால் ரிஃபானாவின் விரல்கள் கட்டைகளின் மேல் நின்றன. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. சொந்தமாக என்ன வாசிப்பது என்று அவள் யோசித்திருக்கவில்லை. அறுபது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். முன்பு எப்போதும் போடாத மெட்டு. நடுவில் ஒரு தப்புச் சுரமும் இருந்தது. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

முடிந்ததும் சுப்பையன்தான் முதலில் பேசினார். "மியூசிக் போட்டது ஆருங்க?"

"ஜப்பான்காரங்க" என்றார் நரசிம்மலு, பழக்கதோஷத்தில்.

"கோட்டைமேடுங்க!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

துணியை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர், அப்படியானால் ஜப்பானில் இருப்பவர்கள் யார் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைக்காரர் மட்டும், "நான் மொதல்லயே சொன்னேன் பாரு" என்றார். ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நரசிம்மலு டெலிபோன் ஒயரைச் செருகிக்கொண்டே, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன எழுதிப் போடட்டும் என்று கேட்டார்.

"எட்டாவது லெவல்" என்றான் கவின்.

"மொத்தமே ஏழுதான்" என்றாள் ரிஃபானா.

"இல்லீங்க, எட்டு. ஏழு முடிஞ்சாத்தான் எட்டாவது கதவு தெறக்கும்."

"பேரே செவனுங்க! எட்டு எப்படி வரும்?"

"எட்டாவது ரோபோ ஒளிஞ்சு நிக்குது. கணக்குல சேத்தலீன்னுதான் அதுக்குக் கவலையே."

உவைஸ் கீபோர்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான். பின்னால் அவர்கள் இருவரும் எட்டா ஏழா என்று கத்திக்கொண்டே வந்தார்கள். பஸ் வந்தது. ரிஃபானா படியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினாள்.

"அது எங்க ஒளிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள்.

பஸ் நகர்ந்துவிட்டது. கவின் ரோட்டில் ஓடிக்கொண்டே ஏதோ சொன்னான். ஹாரன் சத்தத்தில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.